கறுப்புத் தூள்

கிள்ளான் தோட்டத்தில் விடியுமுன் மரம் வெட்டப் புறப்படும் என் தந்தையாருக்கு டார்ச் விளக்கே துணை. பாட்டரி ஓய்ந்தால் வெயிலில் காயவைத்துப் பார்ப்பார். அதற்கும் எரியாததை நான் உடைப்பேன். சட்டையெல்லாம் கறுப்புத் தூள், அம்மாவின் அடி வேறு!

அத்தூள் கரி கலந்த மாங்கனீஸ் ஆக்ஸைடு என்பதை, பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தபின் என் மகள் சொல்லியே அறிந்தேன். மலாயாப் பல்கலைக்கழகத்தில் அவள் சூப்பர் கபாசிட்டர் என்னும் மீமின்தேக்கியை ஆராய்கிறாள். ருதேனியம் ஆக்ஸைடில் 1971-இல் இத்தாலியர் கண்ட மின்சேமிப்புக் குணத்தை, மலிவான மாங்கனீஸ் ஆக்ஸைடிலும் 1999-இல் லீ, குடினஃப் இருவரும் காட்டினர். அதை நுண்ணிழைகளாக்கினால் மேற்பரப்பு பெருகும். மின்னூட்டம் மேற்பரப்பையொட்டியே தங்குவதால் நொடிகளில் நிறையும். ஆயினும் அது மின்சாரத்தைச் சரிவரக் கடத்தாது. இன்றும் கரியே கலக்கிறார்களாம்.

“ஓரிரவு முழுதும் விளக்கெரியுமா?” என்றேன்.

“எரியாதப்பா, பாட்டரியளவு கொள்ளாது” என்றாள்.

மறைக்காமல் சொன்னாளே, அது எனக்குப் பிடித்தது.