ஒரு வட்டில் அடங்காதது

பெரியதொன்றைச் சிறியதொன்றனுள் அடக்குதல் கற்றோர் நெடுங்காலமாகப் பயின்றுவரும் கலை. எழுத்தும் சொல்லும் பற்றித் தொல்காப்பியம் விரித்துரைத்தவற்றைப் பவணந்தி முனிவர் பாயிரம் உட்பட 462 நூற்பாக்களில் அடக்கி நன்னூலாகத் தந்தார். ஹிஜ்ரி 672இல் மறைந்த இப்னு மாலிக் (ரஹ்) அவர்கள் தாம் இயற்றிய பெரிய இலக்கணச் செய்யுளைத் தாமே சுருக்கி, ஏறத்தாழ ஆயிரம் செய்யுட்களாக்கினார்கள். ஆயிரத்தைக் குறிக்கும் ‘அல்ஃப்’ என்னும் சொல்லால் ‘அல்ஃபிய்யா’ எனப் பெயர்பெற்ற அந்நூலை நம் மதரஸா மாணவர்கள் இன்றும் மனனம் செய்கின்றனர்.

இக்கலை நம் காலத்தில் கணிப்பொறியின் வாயிலாகப் புதுவடிவம் கொண்டுள்ளது. கணிப்பொறியை இயங்கச் செய்யும் அடிப்படை நிரல்தொகுதியை இயங்குதளம் என்பர். அது ஆண்டுதோறும் பருத்துக்கொண்டே வருகிறது. அதனைத் தாங்கும் வட்டோ தன் அளவில் நின்றுவிடுகிறது. 1995இல் விண்டோஸ் 95 வெளிவந்தபோது நெகிழ்வட்டு வேண்டியோர்க்கு 13 வட்டுகளில் அதனைப் பங்கிட்டுத் தந்தனர். அவற்றுள் பெரும்பாலானவற்றில் வழக்கமான 1.44 எம்.பி.க்கு மாறாக 1.68 எம்.பி. கொள்ளுமாறு நெருக்கிப் பதிந்தனர். பின்னர் 700 எம்.பி. கொள்ளும் குறுவட்டு வந்தது. உபுண்டு என்னும் இயங்குதளத்தை ஆக்கியோர் 2012 ஏப்ரல் பதிப்பு வரை அந்த ஒரே குறுவட்டில் அடக்கிக் காட்டினர்; அவ்வாண்டு அக்டோபர் பதிப்பு வட்டின் கரையை மீறியது. அதன்பின் 4.7 ஜி.பி. கொள்ளும் டிவிடி போதும் என்றிருந்தோம். இன்று அதுவும் போதவில்லை.

நெய்வேலி நகரியத்தில் எங்கள் மாலைநேர மதரஸாவுக்கு நல்லோர் சிலர் பழைய கணிப்பொறிகள் சிலவற்றை வழங்கினர். பிள்ளைகள் அரபும் தமிழும் தட்டெழுதப் பழக வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். என் விருப்பமும் அதுவே. அப்பொறிகள் விரலியிலிருந்து தொடங்க மறுத்தன. வட்டு இயக்கி மட்டும் பழுதின்றி இருந்தது. சுரங்கத்தில் பணிபுரியும் இளைஞர் ஒருவர், என்னிடம் ஓதியவர், உதவ வந்தார். சிறிது நேரம் பார்த்துவிட்டு, “ஹஜ்ரத், ஃபைல் அஞ்சரை ஜி.பி. இருக்கு. டிஸ்க்கு நாலு புள்ளி ஏழுன்னு போட்டிருக்கான், மெஷின் நாலு புள்ளி மூணு எட்டுன்னுதான் காட்டுது” என்றார்.

வட்டின்மேல் அச்சிட்டிருந்த அளவு பொய்யோ என்று அருகிலிருந்த பெரியவர் ஐயுற்றார். பொய்யன்று. வட்டினைச் செய்வோர் ஆயிரத்தால் பெருக்கிக் கணக்கிடுகின்றனர்; கணிப்பொறியோ 1,024ஆல் பெருக்குகிறது. ஃபித்ரா அளக்கும் ‘ஸாஉ’ என்னும் படி, ஷாஃபிஈ மத்ஹபில் ஐந்தும் மூன்றில் ஒன்றும் ராத்தல் என்றும், இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடம் எட்டு ராத்தல் என்றும் கொள்ளப்படுவதை அவருக்கு நினைவூட்டினேன். பெயர் ஒன்று, அளவை இரண்டு. பொருளில் மோசடி இல்லை.

அடங்காததை அடக்க வழிகள் மூன்று: பகுத்தல், சுருக்கல், விடுத்தல்.

பகுத்தல் நமக்குப் புதிதன்று. கத்தம் ஓதும் வீட்டில் திருக்குர்ஆனின் முப்பது ஜுஸ்வுகளையும் தனித்தனியே எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுக்கிறோம். ஒரு ஜுஸ்வு ஓதப்படாவிடினும் கத்தம் நிறைவுறாது. முப்பதில் எதுவும் மற்றதற்குத் தாழ்ந்ததன்று. பெருங்கோப்பைத் துண்டுகளாக்கிப் பல வட்டுகளில் பதிவதும் இவ்வாறே. ஒரு துண்டு காணாமற்போனால் முழுமையும் பயன்படாது.

சுருக்கலும் புதிதன்று. பெருமானார் பெயரையடுத்து ‘(ஸல்)’ என்று மட்டுமே அச்சிடுகிறோம். படிப்போர் நா முழு ஸலவாத்தையும் உரைக்கிறது. ஹதீஸ் எழுதிய முன்னோர், ‘எங்களுக்கு அறிவித்தார்’ எனப் பொருள்படும் ‘ஹத்தஸனா’ என்னும் சொல் வரிதோறும் வருதலின், அதன் ஈற்றெழுத்துகளை மட்டுமே எழுதி இடம் மிகுத்தனர். கணிப்பொறியும் திரும்பத் திரும்ப வருவதை ஒருமுறை எழுதி, மற்ற இடங்களில் குறிப்பு மட்டும் இட்டுச் செல்கிறது. விரிக்கும்போது ஓர் எழுத்தும் குறைவதில்லை. இங்கே எடுக்கப்படும் நிலக்கரியில் ஏறத்தாழப் பாதி எடை நீரே. ஒரு காலத்தில் அதனை உலர்த்தி, அழுத்திக் கட்டிகளாக்கிக் கரித்து, ‘லெகோ’ என்ற பெயரில் அடுப்புக்கு அனுப்பினர். நீர் போயிற்று, நெருப்பு போகவில்லை. நல்ல சுருக்கம் அத்தகையது.

மூன்றாவதாகிய விடுத்தலில்தான் ஆபத்து உள்ளது. கடைக்காரர் ஒருவர், “வேண்டாததெல்லாம் எடுத்தாச்சு ஹஜ்ரத், ஒரே டிஸ்க்குல அடங்கிடும்” என்று சொல்லி ஒரு வட்டினைத் தந்தார். அடங்கியது உண்மை. பொறியும் விரைந்து இயங்கியது. ஆனால் பிள்ளைகளின் பாடத்தைத் திறந்தபோது தமிழும் இல்லை, அரபும் இல்லை. வரிசை வரிசையாக வெற்றுப் பெட்டிகள் நின்றன. அவர் ‘வேண்டாதது’ என்று எடுத்தது எங்கள் இரு மொழிகளின் எழுத்துருக்களை!

இங்குச் சுரங்கத்தில் ஒரு டன் நிலக்கரிக்கு ஐந்து கனமீட்டருக்கு மேற்பட்ட மேல்மண்ணை அகற்ற வேண்டியிருக்கிறது. அகற்றுவோர் எது மண், எது கரி என்றறிந்து அகற்றுகின்றனர். அகற்றிய மண்ணையும் வீசிவிடுவதில்லை. தோண்டிய பள்ளத்தை நிரப்பி அதன்மேல் மரம் நடுகின்றனர். மொழியை மண்ணென்று கருதி அகற்றுவோர்க்கு அந்தப் பகுத்தறிவு வாய்க்கவில்லை.

இதில் ஒருவரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. டெபியன் என்னும் இயங்குதளத்தைப் பல வட்டுகளில் பகுப்போர், மிகப்பலர் பயன்படுத்தும் நிரல்களை முதல் வட்டிலும், சிலரே பயன்படுத்துவனவற்றைப் பின்னுள்ளவற்றிலும் வைக்கின்றனர். முறை நியாயமானதே, எனினும் எண்ணிக்கையே இடத்தை முடிவு செய்யும் இடத்தில், நாம் எழுதாத மொழி கடைசி வட்டுக்குத் தள்ளப்படும். அரபுத் தமிழுக்காக நம் முன்னோர் அரபு எழுத்துகளில் புள்ளிகள் சேர்த்துப் புதிய வடிவங்கள் ஆக்கினர். மார்க்கச் சட்டமும் மாலையும் கடிதமும் அவ்வெழுத்தில் வீடுதோறும் இருந்தன. அதனை நம்மிடமிருந்து எவரும் பறிக்கவில்லை. பயன்படுத்துவோர் குறைந்தனர், இடமும் குறைந்தது. அவ்வளவே.

முடிவில் நாங்கள் டெபியனையே தேர்ந்தோம். அடிப்படைத் தளத்துக்கு ஒரு வட்டு. தமிழ், அரபு எழுத்துருக்களும் தமிழ் 99 விசைப்பலகையும் அகராதிகளும் கொண்டதாக நாங்களே தொகுத்த இரண்டாம் வட்டு. ஒரு வட்டில் அடங்கவேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டதும் சிக்கல் அவிழ்ந்தது.

பதியுமுன் அவ்விளைஞர் இன்னொன்று செய்தார். ஆக்கியோர் வெளியிட்டிருந்த 64 குறிகள் கொண்ட சரிபார்ப்பு எண்ணையும், எங்கள் கோப்பிலிருந்து கணக்கிட்ட எண்ணையும் அருகருகே வைத்து ஒப்பிட்டார். கோப்பில் ஒரு புள்ளி மாறியிருந்தாலும் அவ்வெண் முற்றிலும் வேறாகிவிடும் என்றார். நான் வியந்தேன், இதுவன்றோ நம் ‘முகாபலா’! ஹதீஸ் பிரதியை மூலத்துடன் ஒப்பிடாதவரை அதனை நம்பத்தக்கதாகக் கருதாத மரபு நம்முடையது. ஒப்பிட்டு வந்த இடத்தில், ‘எட்டியது’ எனப் பொருள்படும் ‘பலக’ என்னும் சொல்லை ஓரத்தில் குறித்துவைப்பர். முன்னர்க் கடையில் தந்த வட்டுக்கு மூலமும் தெரியாது, அறிவித்தோர் வரிசையும் தெரியாது. இஸ்னாது இல்லாச் செய்தியை ஏற்கத் தயங்கும் நாம், இஸ்னாது இல்லா வட்டினை மட்டும் ஏற்பது எங்ஙனம்?

இன்று அப்பொறிகளில் பிள்ளைகள் ‘பிஸ்மில்லாஹ்’வை அரபிலும் தம் பெயரைத் தமிழிலும் எழுதுகின்றனர். அவர்கட்கு நான் வைக்கும் வேண்டுகோளே பெற்றோர்க்கும்: நாள்தோறும் சில வரிகளேனும் இவ்விரு மொழிகளிலும் எழுதுங்கள். கைப்பேசியில் எழுதுங்கள், கணிப்பொறியில் எழுதுங்கள். பயன்படும் மொழியை எவரும் வேண்டாதது என்று எடுத்தெறிய முடியாது. வாழ்நாளும் அளவுடைய ஒரு வட்டே. அதில் எதைப் பதிவது, எதை விடுவது என்று தேரும் தெளிவை அல்லாஹ் நம் அனைவர்க்கும் அருள்வானாக. ஆமீன்.