நகல் எதுவரை வந்தது?

திங்கள்

முன்னேற்றக் காட்டி இல்லாத கட்டளை வரிக் கருவியில், ஓடுகிற நிரலும் உறைந்த நிரலும் பார்வைக்கு ஒன்றே. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் உருக்காலையிலிருந்து உலைப் பதிவுகளைத் திருவள்ளூர் அலுவலகத்துக்கு நகலெடுக்கும் கருவியை எடுத்துக்கொள்ளலாம். திரை அரை மணி நேரம் அசையாமல் நின்றால், இரவு ஷிப்டில் இருப்பவர் கன்ட்ரோல்-சி அழுத்தி நிரலை நிறுத்திவிடுவார். பாதி நகல் வீணாகும். முடிந்த விழுக்காட்டைக் காட்டுவதையே பயனர்கள் விரும்புகிறார்கள் என்று பிராட் மையர்ஸ் 1985-லேயே ஆய்ந்து எழுதினார்.

செவ்வாய்

முன்னேற்றப் பட்டையை வரைவது எளிது. புதுவரிக் குறிக்குப் பதிலாக கேரேஜ் ரிட்டர்ன் குறியை (ஆஸ்கி எண் 13) அனுப்பினால், சுட்டி அதே வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும். பழைய பட்டையின் மேல் புதியது எழுதப்படும். நொடிக்குப் பத்து முறை வரைந்தால் கண்ணுக்குப் போதும். நகலாகும் ஒவ்வொரு தரவுத் துணுக்குக்கும் வரையப் போனால் நகலெடுப்பதே மந்தமாகும்.

புதன்

எதை எண்ணுவது என்பதில்தான் காட்டியின் நேர்மை இருக்கிறது. கோப்புகளை எண்ணினால், சிறியவை மளமளவென்று முடிந்து, கடைசிப் பெரிய கோப்பில் 99 விழுக்காட்டிலேயே பட்டை நின்றுவிடும். எண்ண வேண்டியது பைட்டுகளை. மொத்த அளவு தெரியாதபோது விழுக்காடே கூடாது. இதுவரை நகலான அளவும் வேகமும் போதும்.

வியாழன்

இன்றைய வேலை தமிழ்க் கோப்புப் பெயர்கள். ‘கும்மிடிப்பூண்டி’ 8 எழுத்து. யூனிகோடில் அதுவே 16 குறியீடுகள், யூடிஎஃப்-8-இல் 48 பைட்டுகள். ‘திருவள்ளூர்’ 6 எழுத்து, 11 குறியீடுகள், 33 பைட்டுகள். இவற்றில் எதை எண்ணினாலும் திரையில் அந்தப் பெயர் அடைக்கும் அகலம் கிடைக்காது. புள்ளிக்குத் தனி இடமில்லை. உயிர்க்குறிகளுக்கோ முனையத்துக்கு முனையம் அகலம் மாறுகிறது. பெயருக்குப் பின்னால் பட்டையை வைத்தால் கோணிக்கொண்டே போகும். வரி நீண்டு மடிந்துவிட்டால் இன்னும் மோசம்: கேரேஜ் ரிட்டர்ன் மடிந்த கடைசி வரியின் தொடக்கத்துக்கு மட்டுமே திரும்பும், திரை முழுக்கப் பழைய பட்டைகள் சேரும். பெயரைத் தனி வரியில் ஒருமுறை அச்சிட்டு, அதன் கீழே பட்டையை வரைவதே பாதுகாப்பு. கோப்புகளுக்கு ஆங்கிலப் பெயர் வைக்கச் சொல்வது தீர்வாகாது. கருவிதான் திருந்த வேண்டும்.

வெள்ளி

குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் கிரான் வழியாகக் கருவி தானாக ஓடும்போது எதிரே முனையம் இருக்காது. அப்போதும் பட்டையை வரைந்தால் பதிவுக் கோப்பு குப்பையாகும். முனையம் இருக்கிறதா என்று முதலில் சோதித்து, இல்லையென்றால் நிமிடத்துக்கு ஒரு சாதாரண வரி எழுதுவது முறை. இரண்டு நிலையிலும், தரவு வட்டில் முழுதாக எழுதப்பட்ட பிறகே 100 விழுக்காடு காட்ட வேண்டும்.