விதி மாறினால் மட்டையும் மாறும்

எங்கள் வீட்டில் இரண்டு ஹாக்கி மட்டைகள் இருக்கின்றன. ஒன்று அப்பாவுடையது, மல்பெரி மரத்தில் செய்தது, கனமானது, அளவுகோல் வைத்ததுபோல் நேரானது. மற்றொன்று இடைநிலைப்பள்ளியில் படிக்கும் என் மகனுடையது; கார்பன் இழையால் ஆனது, பக்கவாட்டில் பார்த்தால் வில் மாதிரி லேசாக வளைந்திருக்கும். “தாத்தா காலத்துல மட்டையை வளைக்கத் தெரியாதாப்பா?” என்று மகன் ஒருநாள் கேட்டான். தெரியாமல் இல்லை, அன்று அதற்கு அவசியம் இருக்கவில்லை. மட்டையை வளைத்தது விதிப்புத்தகம்தான்.

அப்பா போர்ட்டிக்சன் சாலையோரத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். எங்கள் தோட்டத்தில் ஹாக்கியைத் தொடங்கியவர்கள் கிராணிமாரும் பள்ளி ஆசிரியர்களும். ஆள் போதாதபோது பால்வெட்டுத் தொழிலாளிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். கோயிலுக்கும் லயத்து வீடுகளுக்கும் நடுவில் இருந்த திடலில் காலையில் மாடு மேயும், மாலையில் பந்து ஓடும். மேடு பள்ளத்தில் பந்து எப்படிக் குதிக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் பந்தை மட்டையோடு ஒட்டவைத்துக் கொண்டுபோகும் கைவித்தைக்கு மதிப்பு அதிகம்.

அந்தக் கைவித்தைதான் 1975இல் கோலாலம்பூர் உலகக் கிண்ணத்தில் மலேசியாவை அரையிறுதிவரை கொண்டுபோனது. கூடுதல் நேரம்வரை போராடி இந்தியாவிடம் 2-3 எனத் தோற்று, நான்காம் இடம் பெற்றோம். ஸ்ரீ சண்முகநாதன், மகேந்திரன் என்ற பெயர்களை அப்பா சொந்தக்காரர்களைப்போல் சொல்லுவார்.

அடுத்த ஆண்டே ஆட்டம் மாறியது. 1976 மொன்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் திடலில் நடந்தது. அதுவரை ஏழு தங்கம் வென்றிருந்த இந்தியா ஏழாம் இடத்துக்கு இறங்கியது; தங்கம் நியூசிலாந்துக்குப் போனது. பிறகு பெரிய போட்டிகளுக்கெல்லாம் செயற்கைத் திடல் கட்டாயமானது.

திடல் மாறியதும் மற்றவையும் ஒவ்வொன்றாக மாறின. தண்ணீர் தெளித்த தரையில் தையல் போட்ட தோல் பந்து ஊறிப்போகும். அந்த இடத்துக்கு பிளாஸ்டிக் பந்து வந்தது. தரை சமமாக இருந்ததால் பந்து வேகமாகவும் நேராகவும் வந்தது. அதை நிறுத்த, தலை நன்றாக வளைந்த மட்டை தேவைப்பட்டது. டூன் கூலன் என்ற டச்சுக்காரர் 1980களில் கொக்கி வடிவத் தலைக்குக் காப்புரிமை பெற்றார். ஒரே மரத்துண்டை அவ்வளவு வளைக்க முடியாது என்பதால் மெல்லிய மரப்பட்டைகளை ஒட்டிச் செய்தார்கள். 1990களில் மரம் அல்லாத பொருள்களுக்கும் விதி இடம் கொடுத்தது. கண்ணாடி இழை, கெவ்லார், கார்பன் என்று மட்டை மரத்தை விட்டே விலகியது.

மகன் கேட்ட வளைவுக்கான காரணம் இன்னும் சுவையானது. பெனால்டி கார்னரில் முதல் ஷாட்டை ஓங்கி அடித்தால், பந்து 460 மில்லிமீட்டர் உயரத்துக்குள்தான் கோல்கோட்டைத் தாண்ட வேண்டும். அது கோலுக்குள் இருக்கும் பலகையின் உயரம். தற்காப்பு ஆட்டக்காரர்களின் பாதுகாப்புக்காக வந்த விதி இது. ஆனால், பந்தை அடிக்காமல் மட்டையோடு இழுத்துச் சுண்டினால் இந்த உயரக் கட்டுப்பாடு இல்லை. இந்த இடைவெளியில் பிறந்ததுதான் ‘டிராக் ஃபிளிக்’. பாகிஸ்தானின் சொஹைல் அப்பாஸ் அடித்த 348 அனைத்துலகக் கோல்களில் பெரும்பகுதி இதனால் வந்தது. நம் நாட்டின் ரஸி ரஹிமும் இதில் பெயர் பெற்றவர்.

மட்டை வளைந்திருந்தால் பந்து அந்தக் குழிவில் உட்கார்ந்து உருண்டு, கூடுதல் வேகத்தோடு கிளம்பும். உற்பத்தியாளர்கள் வளைவைக் கூட்டிக்கொண்டே போனார்கள். பந்தின் வேகம் ஆபத்தாக மாறவே, 2006இல் வளைவு 25 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று அனைத்துலக ஹாக்கி சம்மேளனம் கட்டுப்படுத்தியது. உடனே வளைவின் உச்சியைக் கீழே, தலைக்குப் பக்கமாக நகர்த்தினார்கள். அதற்கும் எல்லை வந்தது: உச்சி, மட்டையின் அடியிலிருந்து குறைந்தது 200 மில்லிமீட்டர் மேலே இருக்க வேண்டும். இன்னொரு பக்கம், பெனால்டி கார்னரைத் தடுக்க ஓடுபவர்கள் முகக்கவசம் அணிய விதி அனுமதித்தது. அதற்கென்று ஒரு தனிச் சந்தையே உருவானது. விதி ஒரு கதவைச் சாத்தினால் பொறியாளர் ஜன்னலைத் தேடுகிறார். நான் ஒரு தொழிற்சாலையில் வடிவமைப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். தரக் கட்டுப்பாடு இறுகும்போதுதான் எங்களுக்கும் நல்ல யோசனை வருகிறது.

ஆனால் இந்தக் கதையில் எனக்கு ஒரு வலியும் உண்டு. 1990இல், 16 வயதில், ஓர் ஆட்டக்காரர் தேர்வுக்காகக் கோலாலம்பூருக்குப் போனேன். செயற்கைத் திடலில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. கேன்வஸ் சப்பாத்து வழுக்கியது. தோட்டத்துப் புல்லில் ஆடி ஓடி வரும் பந்து, அங்கே நான் மட்டையை இறக்குமுன் தாண்டிப் போய்விட்டது. பதினைந்து நிமிடத்தில் வெளியே உட்காரச் சொன்னார்கள். தேர்வு பெற்றவர்கள் வாரம் மூன்று நாள் அந்தத் தரையில் ஆடியவர்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பேருந்தில் வரும்போது, “நம்ம திடல்ல நீதான்டா ராஜா” என்றார். அந்தச் சொல் இன்றும் என்னிடம் இருக்கிறது.

புதிய கண்டுபிடிப்பு வரும்போது அதோடு ஒரு விலைச்சீட்டும் வருகிறது. புல் திடலுக்கு மண்வெட்டியும் ஆள்பலமும் போதும். செயற்கைத் திடலுக்கு இலட்சக்கணக்கில் பணம் வேண்டும். அப்பா தம் மட்டையைத் தவணையில் வாங்கினார்; மகனுடையதற்கு நான் 400 வெள்ளிக்குமேல் கொடுத்தேன். தோட்டங்களில் ஹாக்கி மறைந்ததற்கு இது மட்டும் காரணம் என்று சொல்லமாட்டேன். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நீலாய், லாபு பக்கம் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் செரம்பானுக்கும் அதற்கு அப்பாலும் பெயர்ந்தார்கள். அந்த நேரத்தில் திடலும் கைக்கு எட்டாமல் போனதுதான் சோகம்.

இப்போது விதி மறுபடியும் மாறிக்கொண்டிருக்கிறது. இந்தத் தடவை நம் பக்கமாக. தண்ணீரைச் சேமிக்க, நனைக்காமலேயே ஆடக்கூடிய தரையை நோக்கிச் சம்மேளனம் நகர்கிறது. பாரிஸ் 2024 ஒலிம்பிக் திடல் முன்னவற்றைவிடக் குறைந்த தண்ணீரில் இயங்கியது. இன்னொன்று, ‘ஹாக்கி ஃபைவ்ஸ்’. அணிக்கு ஐந்து பேர், சின்ன ஆடுகளம், பந்து வெளியே போகாமல் சுற்றிலும் பலகை. 2018 பியூனோஸ் அயர்ஸ் இளையோர் ஒலிம்பிக்கில் மலேசியப் பையன்கள் இறுதியாட்டத்தில் இந்தியாவை 4-2 என வென்று தங்கம் பெற்றது இந்த ஆட்டத்தில்தான். 2024இல் மஸ்கட்டில் நடந்த முதல் ஹாக்கி ஃபைவ்ஸ் உலகக் கிண்ணத்தில் நம் ஆண்கள் அணி இரண்டாம் இடம் பெற்றது. குறுகிய இடத்தில் பந்தை ஒட்டவைத்து ஆடும் பழைய கைவித்தைக்கு மறுபடியும் வேலை வந்திருக்கிறது.

இதைப் பழகுவதற்குப் பெரிய அரங்கம் வேண்டாம். ஒரு சிமெண்டுத் தளம் போதும். நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் சபை கூடும் தளம் இருக்கிறது. மாலையில் அது சும்மாதான் கிடக்கிறது. எங்கள் வட்டாரப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். பத்து மட்டை, ஆறு பந்து, தச்சரிடம் சொல்லிப் பலகை. பழைய ஆட்டக்காரர்கள் இருவர் பயிற்சி தர முன்வந்திருக்கிறார்கள். தலைமையாசிரியர் சனிக்கிழமை மாலைகளை ஒதுக்கித் தந்திருக்கிறார். பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் பெயர் எழுதுகிறோம். இதுவரை 14 பேர் சேர்ந்திருக்கிறார்கள்.