மேகத்தை விலகிச் செல்வோம்



வெண்பஞ்சுப் பொதிபோல் வானில் திரளும் மேகத்தைக் கண்டு மகிழாத குழந்தை உண்டோ? ஆனால், நான்கு பேர் அமரும் சிறு விமானத்தில் அதை எதிர்கொள்ளும் விமானி மகிழ்வதில்லை.

மேகத்தினுள் புகுந்தவுடன் தொடுவானம் மறைந்துவிடுகிறது. நம் உட்செவியின் நுண்குழல்களிலுள்ள நீர்மமே உடல் திரும்புவதை நமக்கு உணர்த்துகிறது. விமானம் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால், சிறிது நேரத்தில் அந்நீர்மமும் உடன் சுழலத் தொடங்குகிறது. திரும்பும் உணர்வே அற்றுப்போகிறது. சாய்ந்து வட்டமிட்டு வீழ்ந்துகொண்டிருப்பவர், நேராகச் செல்வதாகவே எண்ணுவார். 1954-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தார், கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை வெளியே பார்க்க இயலாத நிலையில் விமானம் ஓட்டச் செய்தனர். இருபதின்மரும் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்கு ஆன நேரம் சராசரியாக 178 விநாடிகளே.

இவ்விடருக்கு வழிகாட்டியவர்களுள் ஜேம்ஸ் டூலிட்டில் குறிப்பிடத்தக்கவர். 1929 செப்டம்பர் 24 அன்று, நியூயார்க் மாநிலத்து மிட்செல் விமானத் தளத்தில், மூடிய இருக்கையில் அமர்ந்து, செயற்கைத் தொடுவானம், நுட்பமான உயரமானி, வானொலிக் குறிகள் முதலியவற்றின் துணைகொண்டே அவர் எழும்பிப் பறந்து இறங்கினார். உடலுணர்வை நம்பாது கருவியை நம்புதல் அன்றுதொட்டு விமானிகளின் பாலபாடமாயிற்று.

எனினும், கருவிகள் விமானத்தின் நிலையைக் காட்டுமேயன்றி, மேகத்தின் சீற்றத்தைத் தணிக்க மாட்டா. வளரும் திரள்மேகத்தினுள் காற்று மேலும் கீழுமாய்ப் பாய்ந்து சிறு விமானத்தை அலைக்கழிக்கும். உறைநிலைக்கு மேலான உயரத்தில், அங்குள்ள குளிர்ந்த நீர்த்துளிகள் இறக்கையில் பட்டவுடன் பனிக்கட்டியாய்ப் படியும். கடும் இடிமேகமாயின் 20 மைலேனும் விலகிச் செல்லுமாறு அமெரிக்க விமானத்துறை அறிவுறுத்துகிறது.

ஃப்ளோரிடாவில் ஒரு பங்கில் நான் பணியாற்றிய காலத்தில், பங்கு மக்களுள் ஒருவரான முதிய விமானி என்னை ஒரு கூட்டத்திற்கு அழைத்துச் சென்றார். கோடையில் இரு கடற்கரைகளிலிருந்தும் வீசும் காற்று, நண்பகலுக்குள் அங்கே மேகக் கோபுரங்களை எழுப்பிவிடும். அவர் வானொலியில் கட்டுப்பாட்டு நிலையத்தாரிடம் இசைவு பெற்று, தெளிந்த வானிலேயே அவற்றைச் சுற்றிச் சென்றார். இரு கோபுரங்களுக்கிடையே ஓர் இடைவெளி தெரிந்தது. “அதன் வழியே போகலாமே?” என்றேன். “ஃபாதர், நாம் போய்ச் சேர்வதற்குள் அது மூடிக்கொள்ளும்” என்றவர், அருகிலிருந்த வேறொரு தளத்தில் இறங்கினார். கருவிகளைக் கொண்டு பறக்க உரிமம் பெற்றவர் அவர்! இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். கூட்டம் தவறியது, நாங்கள் நலமுடன் வீடு திரும்பினோம்.

குறித்த நேரத்தில் சேர்ந்துவிட வேண்டும் என்ற அவசரமே பல விமானிகளை மேகத்தினுள் தள்ளியிருக்கிறது. ஆதலால், வழிப்பயணம் சென்றவர் தாமதமாய் வரும்போது, “ஏன் இவ்வளவு நேரம்?” என்று கடிந்துகொள்ளாதிருப்போம். நாம் காட்டும் அப்பொறுமையே, அடுத்த முறை இடர் கண்டு திரும்பிவரும் மனவுறுதியை அவருக்கு அளிக்கும்.