சோற்றுக்கை

என் பேரன் முதன்முதலாகத் தன் கையால் சோறு அள்ளி உண்டது, அவனுக்கு இரண்டு வயது நிரம்பாத ஒரு கார்த்திகை மாதத்துப் பகலில். கிண்ணத்தில் பருப்புச் சாதத்தைப் பிசைந்து வைத்துவிட்டு என் மகள் அடுக்களைக்குள் போயிருந்த சிறிது நேரத்தில், அவன் இடது கையை விட்டு ஒரு பிடி எடுத்து வாய்க்குக் கொண்டு போனதையும், எதிரே சாய்வு நாற்காலியில் இருந்த நான் சட்டென்று எழுந்து அந்தக் கையைத் துடைத்துவிட்டு, "அது பீச்சாங்கை, இதுதான் சோற்றுக்கை" என்று வலது கையைக் கிண்ணத்தில் வைத்ததையும் இன்று நினைத்தாலும், அந்தக் கிண்ணத்தின் விளிம்பு நசுங்கியிருந்தது வரைக்கும் எனக்கு ஞாபகம் வருகிறது. அன்று முதல் வீட்டில் எல்லோரும் அதையே செய்தோம். பந்தை இடது கையால் எடுத்தால் வாங்கி வலது கையில் கொடுத்தோம், பென்சிலையும் அப்படியே.

மூன்றாவது வயதில், அதுவரை அவன் சொல்லிக்கொண்டிருந்த ஏழெட்டுச் சொற்களும் ஒவ்வொன்றாக நின்றுபோயின. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. மின்விசிறியின் சுழற்சியையே மணிக்கணக்கில் பார்த்திருப்பான். முகத்தை முகம் நோக்குவது அவனுக்குப் பாரமாகிவிட்டது. பட்டணத்து வைத்தியர் பொறுமையாகப் பரிசோதித்து, ஆட்டிசம் என்று சொன்னார். ரயிலில் திரும்பி வருகையில் என் மகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "அவன் கையை நாம் மாற்றினோமே அப்பா, அதனால்தான் இப்படி ஆயிற்றா?" என்று கேட்டாள்.

"நாம்" என்றுதான் சொன்னாள். முதலில் மாற்றியது யார் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முப்பது வருஷங்களுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயராக இருந்த எனக்கு, இந்தக் குற்றம் புதிதும் அன்று. நொட்டாங்கைப் பழக்கமுள்ள பிள்ளைகள் வகுப்புக்கு இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். பலகையில் அவர்கள் இடது கையால் அகரம் எழுதும்போது பலப்பத்தைப் பிடுங்கி மறுகையில் திணித்திருக்கிறேன். அதை ஒழுக்கம் கற்பிப்பதாகவே மனப்பூர்வமாக நம்பினேன். வலம் என்ற சொல்லுக்கு வலிமை என்றும் வெற்றி என்றும் பொருள் சொல்லிக் கொடுத்தவன், இடத்துக்கு அப்படி ஒரு பெருமையும் கற்பிக்கவில்லை. உமையவளுக்கு ஈசன் அளித்த பாகம் இடப்பாகம் என்பதும், வடமொழியில் வாமம் என்ற ஒரே சொல் இடப்பக்கத்தையும் அழகையும் குறிக்கும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தும், வகுப்பறையில் அவை ஞாபகத்துக்கு வந்ததில்லை.

மகளுடைய அந்த ஒரு கேள்விக்காகவே நான் படிக்கத் தொடங்கினேன். இடக்கைப் பழக்கத்துக்கும் ஆட்டிசத்துக்கும் சம்பந்தம் உண்டா என்பது ஆராய்ச்சியாளர்கள் பல்லாண்டுகளாக ஆராய்ந்துவரும் விஷயம் என்பதை அறிந்தபோது, முதலில் எனக்கு அச்சமே உண்டாயிற்று. சம்பந்தம் உண்டு என்பதே அவர்களுடைய முடிவு. உலகத்தில் ஏறத்தாழப் பத்துப் பேரில் ஒருவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர். ஆட்டிசம் உள்ளவர்களிடையே இந்த விகிதம் அதனினும் அதிகம் என்று பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அவற்றைத் திரட்டி 2017ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, அவர்களிடம் இடக்கைப் பழக்கத்துக்கான வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரண்டரை மடங்கு என்று கணித்தது.

இரண்டரை மடங்கு என்பது காதில் விழும்போது பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு வாத்தியாராகவும் சில வருஷங்கள் இருந்தவனாகையால், ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆயிரம் பேர் உள்ள ஓர் ஊரில் இடக்கைக்காரர்கள் சுமார் 100 பேர். நூற்றுக்கு ஒருவர் என்று மதிப்பிட்டால், ஆட்டிசம் உள்ளவர்கள் 10 பேர். இரண்டரை மடங்கு என்றே வைத்துக்கொண்டாலும் அந்தப் பத்துப் பேரில் இடக்கைக்காரர் இரண்டு பேருக்குச் சற்று மேல். ஆகவே அந்த ஊரின் 100 இடக்கைக்காரர்களில் 97 அல்லது 98 பேருக்கு ஆட்டிசம் இல்லை. கூட்டத்தை நோக்கினால் தென்படுகிற சம்பந்தம், தனி ஒரு குழந்தையின் கையை நோக்கினால் ஒன்றையும் முன்னறிவிப்பதில்லை. அந்தக் காகிதத்தை மகளிடம் காட்டினேன். "நான் கேட்டது அதில்லையே அப்பா" என்றாள். அவள் சொன்னது சரி. இடது கை ஓர் அறிகுறியா என்று அவள் கேட்கவில்லை. அதைத் தடுத்தது காரணமா என்றே கேட்டாள்.

படிக்கப் படிக்க, என் மனத்தை அதிகமாக ஈர்த்தது வேறொரு செய்தி. ஆட்டிசமுள்ள குழந்தைகளிடம் விசேஷமாகக் காணப்படுவது, இடக்கை என்பதைக் காட்டிலும், எந்தக் கை என்பதே நிலைப்படாமல் இருக்கும் தன்மையாம். மற்றக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மூன்று நான்கு வயதுக்குள் ஒரு கை முந்திக்கொண்டு வந்துவிடும். எழுதுவதற்கு ஒரு கை, எறிவதற்கு மறு கை என்று பிரித்து வைத்துக்கொள்பவர்களும் உண்டு. ஆட்டிசமுள்ள குழந்தைகளில் பலரிடமோ, ஒரே வேலையை ஒரு தடவை இந்தக் கையும் மறு தடவை அந்தக் கையும் செய்யும். 1980களில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சிலர், ஒரே செயலைப் பலமுறை செய்யச் சொல்லிப் பார்த்து இதைக் கவனித்து எழுதினார்கள்.

இதைப் படித்த பின்பே என் பேரனைச் சரியாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். என் தாயார் விட்டுப்போன பல்லாங்குழிப் பலகை ஒன்று வீட்டில் இருக்கிறது. அதுதான் அவனுக்கு உலகம். வரிசைக்கு ஏழாகப் பதினான்கு குழிகளிலும் அவன் புளியங்கொட்டைகளை இடுவான். இடப்புறத்து மூன்று குழிகளுக்கு இடது கை. வலப்புறத்து மூன்றுக்கு வலது கை. இடது கை உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டி வலப்புறம் போவதில்லை. வலது கையும் எல்லை மீறுவதில்லை. நடுக்குழிக்கு வரும்போது ஒரு தயக்கம் உண்டாகும்; சில சமயம் ஒரு கையும், சில சமயம் மறு கையும் இட்டுவிடும்; சில சமயம் அந்தக் குழி வெறுமையாகவே கிடக்கும். வலது கைக்கு மாற்றிவிட்டோம் என்று நாங்கள் நினைத்திருந்த குழந்தையிடம், மாற்றுவதற்கு உறுதியாக ஒரு கையே இருக்கவில்லை என்பதை அந்தப் பலகை எனக்குப் பிரத்தியட்சமாகக் காட்டிற்று.

மூளையைப் பற்றிய விளக்கங்களை இங்கே நீட்டப் போவதில்லை. பேச்சுத் திறன் இடது பாதி மூளையைச் சார்ந்தது என்று பாரிஸ் நகரத்து மருத்துவர் ப்ரோகா 1860களில் கண்டார்; வலது கையை ஆள்வதும் அதே இடது பாதி. ஆகவே பேச்சும் கையும் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் ஒழுங்கு ஆட்டிசத்தில் வேறுவிதமாக அமைகிறதோ என்று கருதுகிறார்கள். ஆனால் இடக்கைக்காரர்களிலும் பத்துக்கு ஏழு பேருக்குப் பேச்சு இடது பாதியில்தான் இருக்கிறது என்பதால், இந்த விளக்கம் அவ்வளவு எளிதில் முடிந்துவிடுவதில்லை.

மகளின் கேள்விக்கு விடை, பெல்ஃபாஸ்ட் நகரிலிருந்து கிடைத்தது. அங்கே பீட்டர் ஹெப்பர் என்பவரும் அவருடைய குழுவினரும், கர்ப்பத்தில் இருக்கும் சிசுக்கள் எந்தக் கட்டைவிரலைச் சூப்புகின்றன என்பதை ஸ்கேன் மூலம் பார்த்து வைத்துக்கொண்டு, அந்தக் குழந்தைகள் பத்துப் பன்னிரண்டு வயதானபோது மீண்டும் தேடிச் சென்று கண்டார்கள். மொத்தம் 75 பேர். கர்ப்பத்தில் வலது விரல் சூப்பிய 60 பேரும் வலக்கைக்காரர்களாகவே வளர்ந்திருந்தார்கள். இடது விரல் சூப்பிய 15 பேரில் 10 பேர் இடக்கைக்காரர்கள். கையின் சார்பு, தாய் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஆட்டிசத்தின் வேரும் பெரும்பாலும் அங்கேதான், அதற்கும் முந்திய பரம்பரையில்தான் இருக்கிறது: 1977இல் ஃபோல்ஸ்டைன், ரட்டர் என்ற ஆராய்ச்சியாளர்கள் 21 ஜோடி இரட்டையரை ஆராய்ந்தபோது, ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்கும் ஆட்டிசம் இருந்தது, இரு கருவில் தோன்றிய 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. ஒரு கிண்ணத்துச் சோற்றின் முன்னால் நான் செய்த அவசரம், அவன் பிறப்பதற்கு முன்பே நெய்யப்பட்டுவிட்ட ஒன்றைப் பின்னோக்கிப் போய் மாற்றியிருக்க முடியாது. கையை மாற்றினால் நாக்குத் திக்கும் என்ற பழைய நம்பிக்கையும், அதற்கு உதாரணமாகச் சொல்லப்படும் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் கதையும் என் மகளின் செவிக்கு யாரோ கொண்டுவந்தவை. மன்னரின் கை மாற்றப்பட்டதும் அவர் திக்கிப் பேசியதும் உண்மை, ஒன்றுக்கு மற்றொன்று காரணம் என்பது நிரூபணமானதன்று.

இவற்றை நான் மகளிடம் ஓர் இரவு முழுவதும் சொன்னேன். தாய்மார்களை இப்படி வாட்டுவதற்கு ஒரு பழைய சரித்திரமும் இருக்கிறது என்பதையும் சொன்னேன். 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் என்ற சிகாகோ அறிஞர், தாயின் பாசக் குறைவே ஆட்டிசத்துக்குக் காரணம் என்று ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அதை நம்பி எத்தனை தாய்மார்கள் தூக்கமின்றி அழுதிருப்பார்கள் என்று எண்ணினால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. அதற்கு மூன்று வருஷம் முன்பே, ஆட்டிசமுள்ள ஒரு பிள்ளையின் தந்தையான பெர்னார்ட் ரிம்லண்ட், இது உடற்கூற்றைச் சார்ந்தது என்று வாதித்து எழுதியிருந்தார். மகள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்படியானால் அவன் இனி எந்தக் கையால் வேண்டுமானாலும் சாப்பிடட்டும்" என்றாள். அடுத்த அமாவாசைக்கு உறவினர்கள் வந்திருந்தபோது, பந்தியில் அவன் இரண்டு கைகளாலும் மாறி மாறி உண்டான்; முகம் சுளித்தவர்களுக்கு நான் பதில் சொன்னேன்.

லியோ கானர், ஆட்டிசத்தை விவரித்த தமது 1943ஆம் வருஷத்துக் கட்டுரையில் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதுகையில், அவர்கள் மற்றவர்களுடைய கையை ஆளோடு சேராத தனிப்பொருளாகக் கொள்வதைக் குறிப்பிடுகிறார். படித்தபோது அது எனக்கு வருத்தமாக இருந்தது. பேரனும் அப்படித்தான்: எட்டாத பொருள் வேண்டுமென்றால் என் முகத்தைப் பார்க்க மாட்டான், மணிக்கட்டைப் பற்றி இழுத்துக்கொண்டு போய், என் கையை அந்தப் பொருளின் மேல் வைப்பான். நேற்று மாலை திண்ணையில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து அவ்வாறே பற்றி இழுத்தான். கூடத்து அலமாரியின் மேல்தட்டில் பல்லாங்குழி இருந்தது. என் கையை அண்ணாந்து பார்த்துக் காத்திருந்தான். மறு கையையும் சேர்த்துப் பலகையை இறக்கித் தரையில் வைத்த பிறகுதான், அவன் பற்றி வந்தது என் இடது கையை என்பதைக் கவனித்தேன்.