அம்மாயி இறங்கிய கரை

எங்கள் தெருவில் யாரும் ஊர் சுற்றிப் பார்க்கப் போனதில்லை. திருப்பூருக்குப் போவார்கள். கேரளாவுக்குப் போவார்கள். வட்டிக்கு வாங்கி ஏஜெண்டிடம் கட்டிவிட்டு மலேசியாவுக்கும் குவைத்துக்கும் போவார்கள். எல்லாம் பிழைக்கப் போவது. 'சும்மா பாக்கப் போறேன்' என்று ஒருத்தி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் அவளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்றுதான் பேச்சு வரும். ராமேஸ்வரம் தீவில் ஏழு நாள் தங்கப் போகிறேன் என்று சொன்னதும் அம்மா கேட்டாள்: 'எந்தக் கேசுக்கு?'

கேசும் இல்லை, கூட்டமும் இல்லை என்றேன். அவள் நம்பவில்லை.

கூட வந்தவள் பள்ளிக்கூடத்து நாளிலிருந்தே கூட்டாளி. கோட்டைப்பட்டினத்தில் ராவுத்தர் அப்பா தர்கா பக்கம் அவள் வீடு. எங்கள் தெரு அங்கிருந்து மேற்கே. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. பெருநாளைக்கு அவள் வீட்டில் எனக்கும் ஒரு தட்டுச் சோறு உண்டு. எனக்குத் தெரிந்து என்னை அடுப்படி வரை விட்ட முதல் வீடு அது. துபாயில் இருக்கும் புருஷனிடம் போனில் பேசி, பிள்ளைகளை உம்மாவிடம் விட்டுவிட்டு, 'வா புள்ள, கெழவிக்குச் சொன்னத முடிச்சிட்டு வருவோம்' என்று கிளம்பினாள்.

கிழவி என்றது என் அம்மாயியை. இலங்கையில் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். 1972-இல் கப்பலேறி ராமேஸ்வரத்தில் வந்து இறங்கினாள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் செத்துப்போனாள். 'அந்தக் கரைய ஒருதரம் பாத்துட்டு வரணும்டி' என்று சாகிற வரை சொன்னாள். கூட்டிப்போக எனக்கு நேரமில்லை. ஊர் உலகத்துக்கெல்லாம் போராட நேரமிருந்தது, இதற்கு இல்லை. மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் என்று பஸ் கடலை ஒட்டிப் போகிறது. ராமநாதபுரத்தில் மாறினால் அரை நாள் பாடு. அவ்வளவு கிட்டத்தில்தான் இருந்தது.

முதல் நாள் அறை தேடுவதிலேயே போனது. ஒரு லாட்ஜில் ஆதார் அட்டையைக் கேட்டார்கள். கணக்குப் பார்க்கிறவர் அவள் பேரைப் படித்தார், அப்புறம் என் முகவரியைப் படித்தார். 'ஆதிதிராவிடர் காலனி' என்று அதில் அச்சடித்திருக்கிறது. காலனி என்ற சொல்லை அரசுப் பதிவுகளிலிருந்து எடுக்கப்போவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். என் அட்டைக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. 'பேமிலிக்கு மட்டும்தான் குடுக்கிறது' என்றார். எதற்காகச் சொன்னார் என்று வெளியே வந்து இரண்டு பேரும் சண்டை போட்டோம். 'என் பேருக்குத்தான்' என்றாள் அவள். 'இல்ல, என் தெருவுக்குத்தான்' என்றேன் நான். கடைசியில், ரெண்டு பொம்பளை தனியாக வந்ததற்காகவும் இருக்கலாம் என்று சமாதானமானோம். இரண்டாவது இடத்தில் எதையும் படிக்காமல் சாவியைக் கொடுத்தார்கள்.

பார்க்க வேண்டிய இடங்கள் என்று எல்லாரும் ஒப்பிக்கிற வரிசை ஒன்று உண்டு. கோயில், 22 தீர்த்தம், ராமர் பாதம், கலாம் வீடு, அரிச்சல்முனை. நாங்களும் பார்த்தோம். கோயிலுக்குள் நான் மட்டும் போனேன். அவள் வாசலில் செருப்புக்குக் காவல். மூன்றாம் பிராகாரத்தில் 1212 தூண்கள். நடுவில் நின்றால் கண்ணுக்கு எட்டின மட்டும் தூண்தான். அழகு, பொய் சொல்லக் கூடாது. ஆனால் இந்தக் கல்லைச் சுமந்த தோள்களில் எத்தனை தோளுக்கு, வேலை முடிந்தபின் உள்ளே வர வழியிருந்தது என்ற எண்ணம் தூணுக்குத் தூண் கூடவே வந்தது. ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947-இல். ஈரச் சேலையோடு கிணறு கிணறாக ஓடுகிற கூட்டத்தில் நானும் கலந்து நனைந்தேன். சாமிக்காக அல்ல. ஊர்க்கிணற்றில் வாளி போட முடியாமல் வளர்ந்தவள் என் அம்மா. அவளுக்காக 22 கிணற்றுத் தண்ணீரும் என் தலையில் விழட்டும் என்றிருந்தது.

அக்னி தீர்த்தக் கடற்கரையில்தான் நான் தோற்றேன். ஐயர் ஒருவர் கிட்டே வந்து, 'திதி யாருக்கும்மா? கோத்திரம் என்ன?' என்றார். வாய் அடைத்துப்போனது. 'தெரியலேன்னா சிவகோத்திரம்னு சொல்லிக்கலாம்' என்று அவரே வழிவிட்டார். நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். நான் தலையாட்டினேன். மேடைக்கு மேடை 'சாதியை மறைக்காதே, நிமிர்ந்து சொல்' என்று பேசுகிற தலைதான் ஆடியது. காசைக் கொடுக்காமல், திதியும் கொடுக்காமல் நழுவி வந்துவிட்டேன். அன்று ராத்திரி தூக்கமில்லை.

மசூதித் தெருவில் கலாம் வீட்டைப் பார்த்தபோது கூட்டாளிக்கு முகமெல்லாம் வெளிச்சம். 'அக்னிச் சிறகுக'ளில் அவர் எழுதியிருக்கிறார்: ராமேஸ்வரம் பள்ளியில் கோயில் குருக்கள் மகன் இராமநாத சாஸ்திரியோடு முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரை, புதிதாக வந்த ஆசிரியர் பின்பெஞ்சுக்கு அனுப்பினார். குருக்கள் அந்த ஆசிரியரைக் கூப்பிட்டுக் கண்டித்தார். 'பாத்தியா, அந்தக் காலத்துலயே' என்றாள். சரிதான். அந்த வகுப்பில் சேரிப்பிள்ளை ஒன்று இருந்திருந்தால் அதற்காக யார் வீட்டிலிருந்து ஆள் வந்திருக்கும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தவள், 'எங்க வாப்பா வந்திருப்பாக' என்றாள். அவள் வாப்பாவை எனக்குத் தெரியும். வந்திருப்பார்.

நாலாம் நாள் பாம்பனில் சின்னப்பாலம். கடல்பாசி எடுக்கிற பெண்களைப் பார்க்க வேண்டுமென்று நான்தான் இழுத்துப்போனேன். முகத்தில் நீச்சல் கண்ணாடி, விரலில் துணிச்சுற்று, காலில் தகட்டை வெட்டிச் செய்த செருப்பு. பாறையில் வளர்கிற மரிக்கொழுந்துப் பாசியை மூச்சடக்கிப் போய்ப் பிய்க்கிறார்கள். அகர் செய்ய அது போகிறது. நாம் தின்கிற ஐஸ்கிரீம், மிட்டாய், மருந்து இதிலெல்லாம் அவர்கள் மூச்சு இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்காவாகிவிட்டன. தாத்தன் பாட்டன் காலத்திலிருந்து போன தீவுக்கு இவர்கள் இன்று அத்துமீறி நுழைகிறவர்கள். பயணிகளுக்குப் படகு விட்டுத் தீவு காட்டுவதும் நடக்கிறது. பாசி எடுத்த ஒருத்தி சொன்னாள்: 'பாக்கப் போறவுகளுக்கு டிக்கெட்டு, பொழைக்கப் போறவுகளுக்குக் கேசு.' எங்கள் ஊரிலிருந்து போகிற விசைப்படகுகளுக்கும் இதே கதைதான், கேஸ் போடுகிற கை மட்டும் வேறு. 2021 அக்டோபரில் எங்கள் ஊர் மீனவர் ஒருவர், இலங்கைக் கடற்படைக் கப்பல் மோதி, கட்டையாகத்தான் கரை வந்தார்.

ஐந்தாம் நாள் தனுஷ்கோடி. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை போட்டுவிட்டார்கள். இரண்டு பக்கமும் கடல், நடுவில் தார்ச்சாலை. மணலில் நின்ற மாதாகோயில் சுவரும் ரயில்நிலையத்து இடிபாடும் போட்டோ எடுக்கிற இடங்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில், பாம்பனிலிருந்து வந்த ரயில் நூற்றுக்கு மேற்பட்ட ஆட்களோடு கடலில் போனது. அதை எல்லா வழிகாட்டியும் சொல்கிறார்கள். அந்த ரயில்நிலையத்துக்கு வேறு யார் வந்தார்கள் என்று ஒருவரும் சொல்வதில்லை.

நான் சொல்கிறேன். 1914-இல் பாம்பன் ரயில்பாலம் திறந்தார்கள். சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்கு போட் மெயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். அதற்கு முன்னால் தொண்டியிலும் எங்கள் பக்கத்து அம்மாபட்டினத்திலும் தோணி ஏறி, மன்னாரில் இறங்கி, காட்டுவழி நடந்து மலைக்குப் போனார்கள். நடந்தவர்களில் பாதைநெடுக விழுந்தவர்கள் ஏராளம். காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் கங்காணிகள் கூட்டிப்போன அந்தச் சனத்தில் பெரும்பகுதி யார்? பறையர், பள்ளர், சக்கிலியர். பஞ்சமும் பண்ணையாரும் துரத்திய சனம்.

எம்.ஏ.வில் எனக்குத் தொல்காப்பியம் நடத்தினார்கள். பெண்ணைக் கூட்டிக்கொண்டு கடல்வழி போவது வழக்கமில்லை என்கிறது அது. பரீட்சையில் அந்த விதியை விளக்கி மதிப்பெண் வாங்கினேன். அம்மாயியின் அம்மா சின்னப்பிள்ளையாக, அப்பன் ஆத்தா கையைப் பிடித்துக்கொண்டு இதே தனுஷ்கோடியில் கப்பலேறியவள் என்பது அன்றைக்கு என் நினைவுக்கே வரவில்லை. நூறாயிரம் பெண்கள் இந்தக் கடலைத் தாண்டியிருக்கிறார்கள். அவர்கள் எந்தத் திணை?

கூட்டாளியின் பாட்டனாரும் இதே கப்பலில் போனவர்தான். கொழும்பில் கடை. திரும்பும்போது தையல் மெஷின் கொண்டுவந்தார், இன்னும் அவள் வீட்டில் ஓடுகிறது. 'ஒங்க பாட்டி என்ன கொண்டாந்துச்சு?' என்று கேட்டாள். ஒரு தகரப் பெட்டி, கொழுந்துக்கூடை சுமந்த தழும்பு நெற்றியில், பத்து வயதில் என் அம்மா.

1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து ஆளைப் பங்கு போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எந்த லயத்திலும் வந்து யாரையும் கேட்கவில்லை. கையெழுத்து காய்ந்து இரண்டு மாதத்துக்குள் தனுஷ்கோடியே இல்லாமல் போனது. அதனால் கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்தது. 'ராமானுஜம்' என்று கப்பலின் பேர். 1984-இல் அதுவும் நின்றது.

அம்மாயி ஊர் வந்ததும் டீக்கடைக்குப் போயிருக்கிறாள். பெஞ்சில் உட்கார்ந்து பிளேன்டீ கேட்டிருக்கிறாள். தோட்டத்தில் அப்படித்தான் பழக்கம். கடைக்காரர் கொட்டாங்கச்சியைக் காட்டினார். அங்கேயும் சாதி இருந்தது, லயத்துக்கு லயம் பேதம் இருந்தது என்று அவளே சொல்வாள். ஆனாலும் தன் 'சொந்த ஊரில்' தனக்கென்று ஒரு கொட்டாங்கச்சி காத்திருந்தது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. அதற்கப்புறம் சாகிற வரை எந்தக் கடையிலும் அவள் டீ குடித்து நான் பார்த்ததில்லை.

ஆறாம் நாள் ஒன்றும் செய்யவில்லை. பாம்பன் சாலைப்பாலத்தில் நின்று, 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில்பாலத்தையும் 2022 டிசம்பரோடு ஓய்ந்துபோன பழசையும் பார்த்துக்கொண்டிருந்தோம். சுட்ட சோளம் தின்றோம். வேலை இல்லாமல் ஒரு பகல் முழுக்க நிற்பது எவ்வளவு சுகம் என்று எனக்கு முப்பத்தைந்து வயதில் தெரிகிறது.

ஏழாம் நாள் திரும்பும் வழியில், பாலம் தாண்டி மண்டபத்தில் இறங்கினோம். ரயில்நிலையத்துக்கே மண்டபம் கேம்ப் என்றுதான் பெயர். இலங்கைக்குப் போன கூலிகளை இங்கேதான் அடைத்து வைத்தார்கள். துணியை ஆவியில் போட்டு, அம்மை குத்தி, நோயில்லை என்று ஆகும் வரை சில நாள் வைத்திருந்து அனுப்புவார்கள். எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று தெரிய, எண் அடித்த தகர வில்லை கழுத்தில் தொங்கும். 1939-இல் இந்திய அரசு தடைபோடும் வரை ஆள் போய்க்கொண்டே இருந்தது. பிறகு ஒப்பந்தத்தில் திரும்பியவர்களை இறக்கினதும் இதே முகாம். 1983-க்குப் பிறகு அகதிகள். 2022-இல் அங்கே சோறு இல்லாமல் படகேறி வந்தவர்களும் இங்கேதான். இவ்வளவு சனம் நுழைந்து வெளியேறிய வாசலில், அவர்களைப் பற்றி ஒரு பலகை உண்டா என்று தேடினேன். என் கண்ணில் படவில்லை.

உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்ததுதான். எதிரே சின்ன டீக்கடை. வயசான ஒரு அம்மா ஆற்றிக்கொண்டிருந்தார். இரண்டு பிளேன்டீ என்றேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார்.

'எந்தத் தோட்டம் நீங்க?'

இந்த மாவட்டங்களில் யார் என்னை விசாரித்தாலும் கேள்வி 'எந்தத் தெரு' என்றுதான் வரும். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கூட்டாளிதான் சொன்னாள்: 'அட்டன் பக்கம்மா. இவ அம்மாயி அங்கதான்.'

'எங்கட அம்மாவும் அங்கிட்டுத்தான்' என்று சொல்லி, பெஞ்சிலிருந்த தட்டை எடுத்துவிட்டு, உட்காரச் சொன்னார். கண்ணாடித் தம்ளரில் டீ, கடித்துக்கொள்ள ஒரு துண்டு கருப்பட்டி. இன்னொரு டீ ஊற்றச் சொல்லி அதை எனக்கும் அவளுக்கும் நடுவில் பெஞ்சின் மேல் வைத்தேன். யாருக்கென்று அந்த அம்மா கேட்கவில்லை. அது ஆறுகிற வரைக்கும் இருந்துவிட்டு ராமநாதபுரம் பஸ்ஸில் ஏறினோம்.