பெரியப்பாவுக்கு ஒரு போன்

வாழைச்சேனைக் காகித ஆலையில் வேலை செய்தவர்களை எங்கள் ஊரில் அடையாளம் காண்பது லேசு. பக்கத்தில் இருப்பவரோடும் ஆற்றுக்கு அக்கரையில் நிற்பவரோடு கதைப்பதுபோலத்தான் கதைப்பார்கள். ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்துத் திட்டம் அது. 1950களின் நடுவில் ஓடத் தொடங்கியது. வைக்கோலை அவித்து, அரைத்து, கூழாக்கி, தாளாக இழுத்தெடுக்கும் வரை இயந்திரம் ஓயாது. எட்டு மணித்தியால வேலையில் 85 டெசிபலுக்கு மேல் இரைச்சல் இருந்தால் காதுக்குக் காப்பு வேண்டும் என்று இன்று பல நாடுகளில் விதி இருக்கிறது. அந்தக் காலத்தில் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு வேலைக்குப் போனவர் என்று ஒருவரைக்கூட நான் கேள்விப்படவில்லை. பெரியப்பா இளந்தாரியாக அங்கே போய், நரைத்த தலையோடு வெளியே வந்தவர்.

ஆலைச் சத்தத்தோடு வேறு சத்தங்களும் சேர்ந்தன. 2006 கடைசியிலும் 2007 ஜனவரியிலும் வாகரைப் பக்கம் போன ஷெல்களின் அதிர்வில் எங்கள் வீட்டு ஓடுகள் நடுங்கின. எது எவ்வளவைக் கொண்டுபோனது என்று காதைப் பார்த்துச் சொல்ல முடியாது. கேள்விப் பரிசோதனை வரைபடத்தில் மட்டும் விஷயம் வெளிச்சம். கோடு ஓரளவு நேராக வந்து, 4000 ஹேர்ட்ஸை நெருங்கும்போது பள்ளத்தில் விழுகிறது. இரைச்சலில் வேலை செய்தவர்களின் காது பெரும்பாலும் அந்த இடத்தில்தான் முதலில் பழுதாகும். வயது போகப் போக அதற்கு மேலே உள்ளதும் கரையும்.

இதனால் வருகிற கரைச்சல் கொஞ்சம் விசித்திரமானது. ‘பால்’, ‘கால்’, ‘தாள்’ மூன்றிலும் நடுவில் உள்ள ஆகாரம் அவருக்கு நன்றாகக் கேட்கும். உயிரொலிகள் தாழ்ந்த அலைவரிசையில், பலத்தோடு வருபவை. முன்னால் நிற்கும் மெய்யொலி கணநேரம் வெடித்து மறைந்துவிடுகிறது. அதன் அடையாளமெல்லாம் மேல் அலைவரிசைகளில். எனவே மூன்று சொல்லும் அவருக்கு ஒன்றுதான். “கேக்குது மனே, விளங்கல்ல” என்று அவர் சொல்லும்போது வீட்டில் அதைச் சமாளிப்பு என்றே எடுத்துக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்த வரை அதைவிடத் துல்லியமாக ஒரு டொக்டரும் அவருடைய நிலையைச் சொல்லவில்லை.

பெரியம்மா இருந்தவரை அவருக்குப் போன் தேவைப்படவில்லை. கோல் வந்தால் பெரியம்மாதான் எடுப்பார். கேட்டு முடித்து, அவர் முகத்துக்கு நேரே திரும்பி, சத்தம் கூட்டாமல் வாயை வடிவாக அசைத்து, “மூத்தவன் வாற மாசம் வாறானாம்” என்பார். பெரியப்பா தலையாட்டுவார். கனடாவில் இருக்கும் பிள்ளைகள், தகப்பனோடும் கதைத்தோம் என்ற நினைப்போடு போனை வைப்பார்கள். 1876இல் டெலிபோனுக்குக் காப்புரிமை பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் வீட்டிலும் கதை இதுதான். தாய்க்குக் காது மந்தம். மனைவி மேபல் ஐந்து வயதில் காய்ச்சல் கண்டு கேள்வியை இழந்தவர், உதடு பார்த்தே பேச்சை விளங்கிக்கொண்டவர். காது கேளாத பிள்ளைகளுக்குப் படிப்பித்த மனிதர் கண்டுபிடித்த கருவி, பேசுகிறவரின் முகத்தை எடுத்துவிட்டுக் குரலை மட்டும் அனுப்பியது. காது மந்தமானவருக்கு அந்த முகம்தான் பாதிப் பேச்சு.

பெரியம்மா போன பிறகு, அவருக்கென்று ஒரு போன் எடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஓட்டமாவடிக் கடையில் தம்பி ஒருவர் பெரிய ஸ்பீக்கர் வைத்த பட்டன் போன் ஒன்றை எடுத்து வைத்தார். “ஐயாவுக்கா? இத எடுங்க, சத்தம் ஊருக்கே கேக்கும்.” உண்மைதான், ஊருக்குக் கேட்கும். முழுச் சத்தத்தில் அந்தச் சின்னப் பெட்டி கரகரக்கிறது. மெய்யொலிகளில் மிச்சம் இருந்ததும் கரகரப்பில் போய்விடும். பழுதான காதுக்கு இன்னொரு குணமும் உண்டு. மெல்லிய சத்தம் கேட்காது, கொஞ்சம் கூட்டினால் சட்டென்று தாங்க முடியாத அளவுக்கு ஏறிவிடும். காது மந்தமானவர் உள்ள வீடுகளில் எல்லாம் கேட்கும் “ஏன் கத்துறாய்?” என்ற கேள்வி அங்கிருந்துதான் வருகிறது.

கடைகளில் கேட்டால் யாரும் சொல்லாத ஒரு சங்கதி: பழைய வகை போன் கோல் ஏறத்தாழ 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரைதான் ஏற்றி இறக்கும். பெரியப்பா சிரமப்பட்டுப் பிடிக்கிற மேல் ஒலிகளில் பலதை லைனே வெட்டிவிடுகிறது. 4ஜி வழியாகப் போகும் கோல்கள் 7000 ஹேர்ட்ஸ் வரை கொண்டுபோகும். ஆனால் இரண்டு பக்கத்துப் போனும் வலையமைப்பும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஆகவே இன்ரநெற் எதற்கு என்று கேட்கிற கிழவருக்கும் பட்டன் போன் என்றால் 4ஜி பட்டன் போன்தான் எடுக்க வேண்டும். விலை கொஞ்சம் கூட. எனக்குத் தெரிந்து அந்தக் காசுக்குக் கணக்கு இருக்கிறது.

கனடாவில் இருந்து மகள் ஒருத்தி, அங்கே வயதானவர்கள் பாவிக்கும் ஒலிபெருக்கி டெலிபோன் ஒன்றைப் பார்சலில் அனுப்பியிருந்தாள். பெரிய இலக்கங்கள், கோல் வந்தால் மின்னும் விளக்கு, சத்தத்தோடு தொனியையும் கூட்டிக் குறைக்கும் திருகு. அருமையான சாமான். ஆனால் அது வயர் லைனுக்கானது, இந்த வீட்டில் லைன் இல்லை. அதன் மின்மாற்றியும் அங்கத்தைய 120 வோல்ட்டுக்குச் செய்தது. இங்கே வருவது 230. இப்போது அது அலுமாரிக்கு மேலே, உறை பிரித்தபடி, வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காட்டும் பொருளாக இருக்கிறது.

காதுக்குப் பின்னால் மாட்டும் கேட்கும் கருவியும் அவரிடம் உண்டு. அதில் ஒலிவாங்கி இருப்பது காதுமடலுக்கு மேலே. போனைக் காதுத் துவாரத்தில் அழுத்திப் பிடித்தால் கருவிக்கு ஒன்றும் போகாது; கொஞ்சம் உயர்த்தி, பின்னால் சரித்துப் பிடிக்க வேண்டும். சில கருவிகளில் போனின் காந்த அலையை நேரே வாங்கும் சுருள் ஒன்றும் இருக்கும், அதை ஏற்கும் போனோடு சேர்ந்தால் வெளியிரைச்சல் நுழையாது. கருவி வாங்கும்போதே அந்தச் சுருள் இருக்கிறதா என்று கேட்டுவிடுவது நல்லது. சின்னக் கருவிகள் பலவற்றில் இடம் போதாமல் அதை விட்டுவிடுகிறார்கள்.

எலும்பு வழியாகக் கேட்கவைக்கும் ஹெட்செட் ஒன்றை வாங்கலாமே என்று மருமகன் சொன்னான். மட்டக்களப்பாருக்கு அது புதினமில்லை. வாவியில் மீன் பாடுவதைக் கேட்கத் துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைக்கிற வழக்கம் இங்கே பழையது. எமர்சன் ரெனன்ற் 1859இல் வெளியிட்ட இலங்கை நூலிலும், தோணியின் மரத்தில் காதை வைத்தால் ஒலி கூடுகிறது என்று எழுதியிருக்கிறார். ஆனால் எலும்பு வழி வந்தாலும் காற்று வழி வந்தாலும் சத்தம் கடைசியில் போய்ச் சேருவது ஒரே உட்காதுக்குத்தான். செவிப்பறையிலோ நடுக்காதிலோ பழுது இருப்பவருக்கு அந்த ஹெட்செட் உதவும். பெரியப்பாவுக்குப் பழுதானது உள்ளே.

மணியடிப்பது தனிச் சிக்கல். போனோடு வருகிற ரிங்டோன்கள் பெரும்பாலும் கீச்சுக் குரல். அவருக்குக் கேட்காத பக்கத்திலேயே அடிக்கும். கூத்தொன்றில் பதிந்த மத்தளத் தாளத்தை ஏற்றினோம். தாழ்ந்த சத்தம், அதுவும் அவருக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். அதிர்வையும் போட்டுவிட்டோம், சாரத்து மடிப்பில் செருகியிருந்தால் இடுப்பில் தெரியும். வெயில் நேரம் யன்னல் கட்டில் வைத்துவிட்டு முற்றத்தில் இருந்தால் மத்தளம்தான் ஆளைக் கூப்பிட வேண்டும், கூப்பிடுகிறது.

இவ்வளவும் கோல் வந்ததை அறியவும், “ஓம், இல்லை, வாறன்” அளவு கதைக்கவும். மனசு விட்டுக் கதைக்க அவருக்கு முகம் வேண்டும். அதற்கு வீடியோ கோலைத் தவிர வேறு வழியில்லை என்பது என் முடிவு. பழைய டச் போன் வேண்டாம், அகலத் திரை கொண்ட டப் ஒன்று, சாய்த்து வைக்க ஒரு தாங்கி. ஆலை வேலையில் காய்த்த அவருடைய விரல்நுனிகளைக் கண்ணாடி பல நேரம் மதிப்பதில்லை; பச்சை வட்டத்தை இழுக்கப் பேத்தி வேண்டியிருக்கிறது.

அந்தப் பக்கத்தாருக்குத்தான் அதிகம் பழக்க வேண்டியிருந்தது. மூத்தவன் யன்னலுக்கு முதுகு காட்டி இருந்து கதைப்பான். முகம் கரியாகத் தெரியும். வெளிச்சம் முகத்தில் விழும்படி திருப்பி இருத்தினோம். பேரனின் தாடியும் மீசையும் உதட்டை மூடிவிட்டன. “சிரைச்சுப்போட்டு வரச் சொல்லு” என்றார் பெரியப்பா. அவன் மீசையை மட்டும் கத்தரித்தான். விளங்காத வசனத்தைத் திரும்பத் திரும்ப உரத்துச் சொல்வதைவிட வேறு சொல்லில் சொல்வது பலன் தரும். பெரியம்மா அதைத்தான் செய்தார் என்று எனக்கு இப்போதுதான் ஓடுகிறது. சிக்னல் குறைந்தால் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். அந்த நேரம் எந்தக் கருவியும் உதவாது. வைத்துவிட்டுப் பிறகு எடுக்கலாம்.

பேச்சை எழுத்தாக்கித் திரையில் காட்டும் செயலிகளும் தமிழுக்கு வந்துவிட்டன. ஒன்றை ஏற்றிப் பார்த்தோம். செய்தி வாசிப்பவரின் தமிழை நன்றாகப் பிடிக்கிறது. எங்கள் மச்சாள் “மறுகா எடுக்கன்” என்றதற்கு “முருகா” என்று எழுதிக் காட்டியது. பெரியப்பா கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, ஏன் இப்போது சாமி கும்பிடுகிறாள் என்று கேட்டார்.

மிச்சம் இருப்பது ஸ்பீக்கர். டப்பில் முழுச் சத்தத்தில் குடும்பக் கதை போகிறது. ஒழுங்கையில் உள்ளவர்களுக்கு இப்போது கனடா வீட்டின் கடன் கணக்கும் தெரியும், சம்பந்தம் பேசிக் குழம்பியதும் தெரியும். சைக்கிளில் போகிற சிநேகிதர் ஒருவர் வேலிக்கு அப்பால் நின்றபடி மூத்தவனுக்கு ஆலோசனையும் சொல்லிவிட்டுப் போனார். ஆலையில் கூட வேலை செய்தவர், அவருக்கும் உரத்த குரல்தான்.